மீடியாவிக்கிக்கு ஒரு புதிய வசதி: நிரல் எழுதும் முன் போட வேண்டிய திட்டம்

தமிழ் விக்கிப்பீடியாவில் கொஞ்ச நாள் தொகுத்தவர் யாரைக் கேட்டாலும் ஒரு பட்டியல் வைத்திருப்பார். 'இந்தப் பொத்தான் இங்கே இருந்தால் நன்றாக இருக்குமே', 'இந்த எச்சரிக்கை ஏன் இப்படிப் பயமுறுத்துகிறது' என்று நீளும். விக்கிப்பீடியாவை ஓட்டும் மீடியாவிக்கி ஒரு கட்டற்ற மென்பொருள். பிஎச்பி என்னும் நிரல்மொழியில் எழுதப்பட்டது. யார் வேண்டுமானாலும் மாற்றம் முன்வைக்கலாம். முன்வைப்பதெல்லாம் உள்ளே போய்விடுமா என்றால், இல்லை. நான் பார்த்தவரை, பாதி வழியில் நின்றுபோகும் கோரிக்கைகளில் பலவற்றில் நிரலைப் பற்றிய பேச்சே வந்திருக்காது. யாருக்கு, என்ன, எவ்வளவு வேண்டும் என்பதே தெளிவாகாமல் நின்றிருக்கும்.

ஒரே ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டு திட்டத்தைக் கடைசிவரை போட்டுப் பார்ப்போம். நிரல் ஒரு வரிகூட எழுதப் போவதில்லை. ஒரு விக்கிப்பீடியா கணக்கும் எழுதிப் பார்க்க ஒரு தாளும் போதும்.

படி 1: குறையை எழுதுங்கள், தீர்வு பொறுக்கட்டும்

நம் எடுத்துக்காட்டு இது. ஒரு புதிய பயனர் மிக நீளமான தமிழ்த் தலைப்பில் கட்டுரை தொடங்கப் பார்க்கிறார். ஏதோ ஒரு விருதின் முழுப்பெயர், அல்லது ஊர், ஒன்றியம், மாவட்டம் எல்லாம் சேர்ந்த ஒரு பள்ளியின் பெயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேறொரு கட்டுரையில் இரட்டைச் சதுர அடைப்புக்குறிக்குள் அந்தப் பெயரை இடுகிறார். இன்னும் இல்லாத பக்கத்தைக் காட்டும் சிவப்பு இணைப்பு வரவில்லை; அடைப்புக்குறிகள் அப்படியே எழுத்தாக நிற்கின்றன. உலாவியின் முகவரியில் அந்தப் பெயரை நேரடியாக இட்டுப் போனால், தலைப்பு 255 பைட்டுக்கு மேல் போகக் கூடாது என்று ஒரு பிழைச்செய்தி. பைட்டு என்றால் என்ன, எத்தனை எழுத்தை வெட்டினால் போதும் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

இதைத் தாளில் எழுதும்போது 'தலைப்பு வரம்பை உயர்த்த வேண்டும்' என்று எழுதத்தான் கை போகும். அது தீர்வு. அதை இப்போது எழுதிவிட்டால் பேச்சு முழுவதும் 'வரம்பை உயர்த்தலாமா, கூடாதா' என்பதிலேயே சுற்றும். பயனர் என்ன செய்ய முயன்றார், எங்கே தடுக்கி விழுந்தார், அப்புறம் என்ன செய்தார் என்ற மூன்றை மட்டும் எழுதுங்கள்.

எழுதியதை ஆலமரத்தடியில் (தமிழ் விக்கிப்பீடியாவின் பொது உரையாடல் பக்கம்) போட்டு, வேறு யாருக்காவது இப்படி நடந்ததா என்று கேளுங்கள். இரண்டு பேர் 'ஆமாம், எனக்கும்' என்றால் உங்கள் குறை தனிக்குறை இல்லை என்று தெரிந்துவிடும். யாரும் பதில் சொல்லாவிட்டால்? ஒரு வாரம் பொறுத்து இன்னொரு முறை, இம்முறை எடுத்துக்காட்டோடு கேளுங்கள்.

படி 2: கணக்குப் போட்டுப் பாருங்கள்

இந்தப் படியைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். குறை ஏன் வருகிறது என்று தெரியாமல் போடும் திட்டம் குருட்டுத் திட்டம்.

பைட்டு என்பது கணினி சேமிப்பை அளக்கும் ஓர் அலகு. மீடியாவிக்கி உரையை யுடிஎஃப்-8 குறியேற்றத்தில் சேமிக்கிறது. அதில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 1 பைட்டு. தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட்டு. குறியீடு வேறு, நாம் எண்ணும் எழுத்து வேறு என்பதை நினைவில் வையுங்கள். 'கோ' நமக்கு ஓர் எழுத்து; கணினிக்கு ககரம் ஒன்று, ஓகாரக் குறி ஒன்று, ஆக 6 பைட்டு. மெய்யெழுத்திலும் புள்ளி தனிக் குறியீடு, ஆகவே 'ம்' என்பதும் 6 பைட்டு.

'தஞ்சைப் பெருவுடையார் கோயில்' என்பதை எண்ணிப் பாருங்கள். 13 எழுத்து. குறியீடுகள் 25, அவை 75 பைட்டு. இரண்டு இடைவெளிக்கு 2. மொத்தம் 77. ஆங்கிலத்தில் 13 எழுத்துப் பெயருக்கு 13 பைட்டுதான். இந்தக் கணக்கில் போனால் 255 பைட்டு என்பது நமக்கு ஏறக்குறைய 40, 45 எழுத்தில் தீர்ந்துவிடும்.

இந்த ஒரு பத்தியே உங்கள் கோரிக்கைக்குப் பெரிய பலம். ஆங்கிலம் மட்டும் எழுதும் ஒரு நிரலாளர் இந்தச் சுவரில் முட்டியே இருக்கமாட்டார்.

படி 3: பழைய பேச்சைத் தோண்டுங்கள்

மீடியாவிக்கியின் குறைகளும் கோரிக்கைகளும் பேப்ரிக்கேட்டர் என்ற தளத்தில் டிக்கெட்டுகளாக, அதாவது எண்ணிட்ட பதிவுகளாக, இருக்கின்றன. விக்கிப்பீடியா கணக்கைக் கொண்டே உள்ளே நுழையலாம். 2014 வரை பக்சில்லா என்ற வேறொரு கருவி புழக்கத்தில் இருந்தது. அதிலிருந்தவை அந்த ஆண்டு இங்கே கொண்டுவரப்பட்டன. பழைய உரையாடல்களில் பக்சில்லா எண் மட்டும் கிடந்தால் அதோடு 2000 கூட்டுங்கள், பேப்ரிக்கேட்டர் எண் வந்துவிடும். சின்னத் தந்திரம்தான், ஆனால் பத்து ஆண்டுக்கு முந்தைய விவாதங்களைப் பிடிக்க இதைவிடச் சுருக்கமான வழி இல்லை.

மூடப்பட்ட டிக்கெட்டுகளையும் சேர்த்துத் தேடுங்கள். மறுக்கப்பட்ட டிக்கெட் ஒன்று கிடைத்தால் அது அதிர்ஷ்டம்: ஏன் வேண்டாம் என்றார்கள் என்பது அங்கேயே எழுதியிருக்கும். உங்கள் டிக்கெட்டை 'ஏற்கெனவே உள்ளது' என்று இன்னொன்றோடு சேர்த்துவிட்டால் வருத்தப்படாதீர்கள். கூட்டம் ஓரிடத்தில் சேர்வது நல்லதுதான்.

நம் எடுத்துக்காட்டுக்கு ஓர் அண்ணன் உண்டு. தொகுப்புச் சுருக்கத்துக்கும் (என்ன மாற்றினோம் என்று சேமிக்கும்போது எழுதும் குறிப்பு) முன்பு இதே 255 பைட்டு வரம்பு இருந்தது. தமிழில் இரண்டு வரி விளக்கம் எழுதுவதற்குள் பெட்டி நிறைந்துவிடும். தரவுத்தளத்தில் அதற்கென ஒதுக்கிய இடமே அவ்வளவுதான். பிறகு சுருக்கங்களைத் தனி அட்டவணைக்கு மாற்றினார்கள். 2018-இல் வரம்பு 500 குறியீடு என்றானது. பைட்டை எண்ணுவதை விட்டுக் குறியீட்டை எண்ணத் தொடங்கியதால் தமிழ், இந்தி, ரஷ்யம் எல்லாம் ஆங்கிலத்துக்குச் சமமாகின.

அப்படியானால் தலைப்பையும் உயர்த்திவிடலாமே? இங்கேதான் நிதானிக்க வேண்டும். சுருக்கம் என்பது வரலாற்றுப் பக்கத்தில் காட்டப்படும் ஒரு குறிப்பு. தலைப்போ பக்கத்தின் அடையாளம். எந்தப் பக்கம் எதற்கு இணைப்புத் தருகிறது, எது எங்கே நகர்த்தப்பட்டது, என்ன நீக்கப்பட்டது என்று பல அட்டவணைகளில் தலைப்பு பரவிக் கிடக்கிறது. முகவரியிலும் அதுதான், நீட்சிகளும் (மீடியாவிக்கியோடு சேர்க்கும் கூடுதல் நிரல்கள்) அதைத்தான் நம்புகின்றன. இரண்டுமே 255 ஆகத்தான் இருந்தன, ஆனால் ஒன்றை மாற்றுவது ஓர் அறையை இடித்துக் கட்டுவது போல. மற்றது அஸ்திவாரத்தைத் தோண்டுவது. புதியவர் ஒருவர் தொடக்கூடிய வேலை இல்லை. ஆகவே வரம்பு 255 ஆகவே இருக்கட்டும். இடறி விழுபவருக்கு வழிகாட்டுவதை மட்டும் நம் திட்டமாக வைத்துக்கொள்வோம்.

படி 4: எந்தப் படிக்கட்டில் வேலை?

மீடியாவிக்கியில் ஒரு மாற்றத்தைச் செய்யப் பல படிக்கட்டுகள் உண்டு. கீழிருந்து மேலே போகப் போக வேலையும் ஆட்களும் காத்திருப்பும் கூடும். கீழ்ப்படியில் முடிகிற காரியத்துக்கு மேலே ஏறாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் கீழே இடைமுகச் செய்திகள். மென்பொருள் காட்டும் சொற்றொடர்களின் தமிழாக்கம் டிரான்ஸ்லேட்விக்கி தளத்தில் நடக்கிறது. பிழைச்செய்தியின் தமிழைச் சரிசெய்ய அங்கே போனால் போதும். ஆனால் ஒரு சிக்கல். 'சுமார் 40 எழுத்துக்கு மேல் கூடாது' என்று அங்கே எழுதிவிட்டால், தமிழ் இடைமுகத்தை வைத்துக்கொண்டு ஆங்கில விக்கியில் தொகுப்பவருக்கும் அதுதான் தெரியும். அங்கே அது பொய். எனவே எழுத்துக் கணக்கைத் தமிழ் விக்கிப்பீடியாவில் மட்டும் மாற்ற வேண்டும். மீடியாவிக்கி பெயர்வெளியில் ('மீடியாவிக்கி:' என்று தொடங்கும் பக்கங்கள்) அந்தச் செய்திக்குரிய பக்கத்தை நிருவாகி ஒருவர் தொகுத்தால் முடிந்தது. ஐந்து நிமிட வேலை.

அடுத்தது பயனர் நிரல். உங்கள் கணக்குக்கு மட்டும் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட். பலருக்கும் பிடித்துவிட்டால் அதையே கேஜெட் ஆக்கலாம்; விருப்பத்தேர்வுகளில் ஒரு பெட்டியில் குறியிட்டால் யாருக்கும் வேலை செய்யும். அதற்கு இடைமுக நிருவாகி ஒருவரின் உதவி வேண்டும், ஏனெனில் எல்லோருக்கும் ஓடும் நிரலைத் தொடும் உரிமை 2018 முதல் அவர்களிடம் மட்டுமே. தலைப்பைத் தட்டச்சு செய்யும்போதே 'இன்னும் 31 பைட்டு மீதம்' என்று காட்டுவது கேஜெட்டுக்கு ஏற்ற வேலை.

அதற்கு மேலே நீட்சி, உச்சியில் மீடியாவிக்கி மையநிரல். பிழைச்செய்தியில் 'உங்கள் தலைப்பு 289 பைட்டு' என்று உண்மையான நீளத்தையும் காட்ட வேண்டும் என்றால் மையநிரலில்தான் கைவைக்க வேண்டும். மாற்றம் சிறியது, பயன் எல்லா மொழிகளுக்கும்.

நம் திட்டம் இப்போது தானாகவே இரண்டாகப் பிரிந்துவிட்டது பாருங்கள். இன்றைக்கே உள்ளூர்ச் செய்தியை மாற்றிவிடலாம். மையநிரல் மாற்றத்துக்கு டிக்கெட். கேஜெட்டை விட்டுவிடுகிறேன், மற்ற இரண்டும் நடந்தால் அதற்கு அவ்வளவு தேவை இருக்காது.

படி 5: மொழிபெயர்ப்பாளரை நினைத்துக்கொண்டு சொற்றொடரை அமையுங்கள்

புதிய வசதி என்றால் புதிய செய்தி வரும். செய்திகளில் மாறும் மதிப்புக்கு $1, $2 என்று இடம் விடுவார்கள். ஆங்கிலத்தில் முன்னிடைச்சொல் தனியாக நிற்கும் என்பதால் எந்தப் பெயரைச் செருகினாலும் வாக்கியம் உடையாது. தமிழில் வேற்றுமை உருபு ஒட்டிக்கொள்ளும். $1-க்குப் பின்னால் 'இல்' போட்டால் 'சென்னை இல்' என்று வந்து நிற்கும். '$1 என்னும் பக்கத்தில்' என்று எழுத வாய்ப்பிருந்தால் தப்பித்தோம். அதற்கு, நிரலாளர் வாக்கியத்தைத் துண்டு துண்டாக்காமல் முழுதாக ஒரே செய்தியில் தர வேண்டும். துண்டுகளை ஒட்டினால், வினை கடைசியில் வரும் நம் மொழி தலைகீழாகிவிடும். இதை டிக்கெட்டிலேயே ஒரு வரியாகச் சொல்லிவிடுங்கள்.

ஒவ்வொரு செய்திக்கும் விளக்கக் குறிப்பு எழுதும் கோப்பு ஒன்றும் உண்டு, மூன்று கியூ போட்ட விசித்திரப் பெயரில். '$2 என்பது பயனர் தந்த தலைப்பின் நீளம், பைட்டில்' என்று அங்கே எழுதினால்தான் மொழிபெயர்ப்பாளருக்குப் புரியும். செய்தியை எழுதிவிட்டு இதை மறந்தால், மதிப்பாய்வில் முதலில் வாங்கிக்கட்டிக்கொள்வது இதற்குத்தான்.

படி 6: எல்லோருக்குமா, கேட்பவருக்கு மட்டுமா?

2013 ஜூலையில், விக்கிக் குறிகள் தெரியாமலே தொகுக்க உதவும் காட்சித் தொகுப்பி ஆங்கில விக்கிப்பீடியாவில் இயல்பிருப்பாக, அதாவது கேட்காமலே கிடைக்கும்படி, இயக்கப்பட்டது. நல்ல யோசனைதான். ஆனால் பிழைகள் தீராமல் எல்லோர் முன்னும் வந்து நின்றதால் பழைய தொகுப்பாளர்கள் கொதித்துப்போனார்கள். செப்டம்பரில் அது மீண்டும் விரும்புவோருக்கு மட்டும் என்றானது. பேச்சுப் பக்கங்களில் இப்போது உள்ள 'பதிலளி' இணைப்பு வந்த விதம் வேறு: 2019-இல் பல விக்கிகளில் நீண்ட கலந்தாய்வு, பிறகு விரும்பியவர்களுக்குச் சோதனை வசதி, அதன்பின்தான் இயல்பிருப்பு.

நம்முடையது ஒரு பிழைச்செய்தி; இவ்வளவு ஆரவாரம் தேவையில்லை. ஆனால் அன்றாடம் தொகுப்பவரின் கைப்பழக்கத்தை மாற்றும் எதையும் முதல் நாளே எல்லோருக்கும் திறந்துவிடத் திட்டமிடாதீர்கள்.

படி 7: டிக்கெட்டை எழுதுங்கள்

ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருக்கும். உடைந்த ஆங்கிலம் பரவாயில்லை, யாரும் கேலி செய்வதில்லை. நம்முடையதைத் தமிழில் போட்டுக் காட்டுகிறேன்:

தலைப்பு: மிக நீளமான தலைப்புக்கான பிழைச்செய்தியில், கொடுத்த தலைப்பின் நீளத்தையும் காட்டுக.

குறை: தமிழ் போன்ற மொழிகளில் ஒரு குறியீட்டுக்கு 3 பைட்டு. எவ்வளவு வெட்டுவது என்று பயனரால் கணிக்க முடியவில்லை.

மீண்டும் நிகழ்த்த: 86 தமிழ்க் குறியீடு கொண்ட தலைப்பை உலாவியின் முகவரியில் இட்டு அந்தப் பக்கத்துக்குப் போக முயலவும்.

எதிர்பார்ப்பு: செய்தியில் வரம்போடு, கொடுத்த நீளமும் இரண்டாவது மதிப்பாக வர வேண்டும்.

இதில் அடங்காதவை: 255 என்ற வரம்பை மாற்றுவது, தட்டச்சின்போது எண்ணிக் காட்டுவது.

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் மூன்றாவது கருத்திலேயே யாராவது வரம்பு விவாதத்தைக் கிளப்பிவிடுவார். முன்னுரிமை என்ற கட்டத்தைத் தொட வேண்டாம். அதை அந்த நிரற்பகுதியைப் பார்த்துக்கொள்பவர்கள் முடிவு செய்வார்கள். அவர்கள் யார் என்ற பட்டியல் மீடியாவிக்கி தளத்தில் உண்டு. யார் மதிப்பாய்வு செய்வார் என்று நிரல் எழுதும் முன்பே கேட்டுவைப்பது, எழுதிவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பதைவிட மேல்.

நாள் கணக்கும் போட்டுக்கொள்ளுங்கள். மையநிரல் மாற்றங்கள் கெரிட் தளத்தில் மதிப்பாய்வாகின்றன. ஏற்கப்பட்டவை வழக்கமாக வாரம் ஒருமுறை 'ரயில்' ஏறும்: செவ்வாய் சோதனை விக்கிகளுக்கு, புதன் விக்சனரி, விக்கிமூலம் போன்றவற்றுக்கு, வியாழன் பெரும்பாலான விக்கிப்பீடியாக்களுக்கு. ஏதாவது உடைந்தால் ரயில் நிறுத்தப்படும். மீடியாவிக்கியைச் சொந்தமாக நிறுவியிருப்பவர்களோ ஆறு மாதத்துக்கு ஒன்றாக வரும் அடுத்த பதிப்புக்குக் காத்திருக்க வேண்டும்.

சரி, டிக்கெட்டைச் சேமியுங்கள். ஓர் எண் கிடைக்கும். அதை ஆலமரத்தடியில் நீங்கள் தொடங்கிய அதே இழையில் போட்டுவிட்டு, உள்ளூர்ச் செய்தியை மாற்றித் தரும்படி ஒரு நிருவாகியையும் அங்கேயே கேளுங்கள். அது இன்றைக்கே முடிந்துவிடும்.