பள்ளிக்கூடமும் விண்வெளி மர்மமும்: காமிக்ஸ் வரைபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர், தான் வரைந்த காமிக்ஸின் முதல் 24 பக்கங்களைக் கொண்டுவந்து காட்டினார். பிளஸ் டூ படிக்கும் ஏழு பேர் விண்கலத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். அவர்களில் ஒருவர் துரோகி. கோடுகள் அருமை. 16-ஆம் பக்கத்தில் ஒரு பெண் ஜன்னலோரம் மிதந்தபடி அழுகிறாள். கண்ணீர் கன்னத்தில் வழிகிறது. அந்தக் கட்டத்தைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

எடையற்ற நிலையில் கண்ணீர் வழியாது. கண்ணிலேயே உருண்டையாகத் திரண்டு ஒட்டிக்கொண்டு நிற்கும். 2013-ல் கனடா விண்வெளி வீரர் கிறிஸ் ஹாட்ஃபீல்ட் சர்வதேச விண்வெளி நிலையத்தில் கண்ணில் தண்ணீர் விட்டு இதைச் செய்தே காட்டினார். தம்பி அப்படி வரைந்திருந்தால் அழுகை இன்னும் ஆழமாகத் தைத்திருக்கும். தானாகப் போகாத கண்ணீர், யாராவது துணியால் ஒற்றி எடுக்க வேண்டிய கண்ணீர். இதுவரை அவளிடம் பேசாத ஒருவன் கைக்குட்டையை நீட்டினால் போதும், வசனமே வேண்டாம். அறிவியலை ஒரு பக்கமும் பள்ளிப் பருவத்தை இன்னொரு பக்கமும் வைத்துத் தனித்தனியாகச் சமைப்பதுதான் இந்த வகைக் கதைகளில் நான் காணும் பெரிய தவறு. மற்ற தவறுகள் பலவும் இதிலிருந்தே வருகின்றன.

இரண்டும் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்பதற்குக் கென்டா ஷினோஹாராவின் ‘அஸ்ட்ரா லாஸ்ட் இன் ஸ்பேஸ்’ நல்ல உதாரணம். 2016 மே முதல் 2017 டிசம்பர் வரை ஷோனென் ஜம்ப் பிளஸ் என்ற இணைய இதழில் வந்த மாங்கா, அதாவது ஜப்பானியக் காமிக்ஸ். 2019-ல் மாங்காக்களுக்கான மாங்கா தைஷோ விருது வாங்கியது. கதை நடப்பது 2063-ல். பள்ளி முகாமுக்காக வேற்றுக் கிரகத்துக்குப் போன ஒன்பது பேரை (ஒருத்தி பத்து வயதுச் சிறுமி) ஓர் ஒளிக்கோளம் விழுங்கி, 5012 ஒளியாண்டு தள்ளி வெறும் விண்வெளியில் போடுகிறது. கூட்டத்தை விட்டு விலகி மிதக்கும் ஆரீஸ் என்ற பெண்ணைப் பிடிக்கக் கனாட்டா என்ற பையன் பாய்கிறான். திரும்பி வர அவன் உடையில் எரிபொருள் போதவில்லை. பெரும்பாலும் அன்றுதான் ஒருவரையொருவர் பார்த்த பிள்ளைகள் கைகோத்துச் சங்கிலியாக நீண்டு இருவரையும் பிடிக்கிறார்கள். வெற்றிடத்தில் தரையும் இல்லை, பிடிமானமும் இல்லை. இன்னொருவர் கைதான் பிடி. அந்த இயற்பியலிலேயே நட்பு பிறந்துவிடுகிறது.

அடுத்தது தொலைத்தொடர்பு. “ஏன் வீட்டுக்குத் தகவல் சொல்லவில்லை?” என்று வாசகர் கட்டாயம் கேட்பார். ‘சிக்னல் இல்லை’ என்று ஒரு வரியில் கடந்துபோகாதீர்கள். அஸ்ட்ராவில் பிள்ளைகள் ஏறிய கலத்தின் தொடர்புக் கருவியை யாரோ வேண்டுமென்றே உடைத்திருக்கிறார்கள். மர்மமே அங்கே சூடு பிடிக்கிறது. கருவி வேலை செய்கிற கதை என்றால் ஒளியின் வேகத்தைக் கணக்கில் எடுங்கள். நிலாவுக்குச் செய்தி போக சுமார் 1.3 விநாடி. செவ்வாய்க்கு, கோள்கள் இருக்கும் இடத்தைப் பொறுத்து, 3 முதல் 22 நிமிடம். செவ்வாயருகே இருக்கும் மகன் அம்மாவிடம் உடனுக்குடன் வீடியோ காலில் பேச முடியாது. “அம்மா, பயமா இருக்கு” என்று சொல்லிவிட்டுப் பதிலுக்கு நாற்பது நிமிடம் காத்திருக்கும் பையனை வரைந்து பாருங்கள்.

சரி, ஒளியை மிஞ்சும் கலம் வைக்கலாமா? தாராளமாக. அஸ்ட்ராவிலும் அப்படித்தான். ஆனால் அந்தப் பெரிய கற்பனையை ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டு, அதற்குள்ளேயே கதையை நடத்த வேண்டும். அத்தியாயத்துக்கு ஒரு புதுக் கருவி முளைத்தால் வாசகர் துப்பு தேடுவதையே விட்டுவிடுவார்.

வெற்றிடத்தில் உடல் வெடித்துச் சிதறுவதையும் விட்டுவிடுங்கள். 1966-ல் ஹூஸ்டனில் நாசாவின் வெற்றிட அறையில் ஒரு தொழில்நுட்பப் பணியாளரின் உடைக்குள் காற்றழுத்தம் திடீரென்று போய்விட்டது. சுமார் 14 விநாடியில் நினைவு தப்பியது. நாக்கில் எச்சில் கொதித்ததுதான் அவருக்குக் கடைசியாக நினைவிருந்தது. உடனே அழுத்தம் ஏற்றியதால் பிழைத்துக்கொண்டார். பதினான்கு விநாடியில் ஒரு பதினாறு வயதுப் பிள்ளை என்ன முடிவெடுக்கும்? வெடிப்பதைவிட இதில் கதை அதிகம்.

துப்புகளை வில்லன் பேச்சிலும் மர்ம அறையிலும் மட்டும் ஒளிக்காதீர்கள். வாசகர் அங்கேதான் முதலில் தேடுவார். சாப்பாட்டு நேர அரட்டை, பரீட்சை பயம், ‘எங்க வீட்ல யாருமே என் பிறந்தநாளைக் கொண்டாட மாட்டாங்க’ என்ற ஒரு புலம்பல் ஆகியவைதான் நல்ல மறைவிடங்கள். அதற்கு முடிவு முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும். அஸ்ட்ரா ஐந்தே தொகுதியில் முடிந்த கதை. அளவு தெரிந்தால் எதை எங்கே விதைப்பது என்பதும் தெரியும்.

அப்புறம், வசன பலூன். மாங்காவில் ஜப்பானிய எழுத்து பெரும்பாலும் மேலிருந்து கீழே ஓடும். அதனால் அவர்கள் பலூன் ஒல்லியாக, உயரமாக இருக்கும். அதே வடிவத்தில் ‘கண்டுபிடித்துவிட்டார்களா’ என்று எழுதினால் சொல் மூன்றாக உடையும். நமக்கு அகலமான பலூன் வேண்டும். முதலில் வசனத்தை எழுதி இடம் ஒதுக்கிவிட்டு, பிறகு முகத்தை வரையுங்கள்.

பக்க எண்ணையும் பாருங்கள். நம் புத்தகத்தில் இரட்டைப்படை எண் இடப்பக்கம், அதாவது புரட்டியதும் கண்ணில் படுவது. தம்பி 18-ஆம் பக்கத்தில் “அப்போ யார்?” என்று கேட்டு, துரோகியின் முகத்தை 19-இல் முழுப்பக்கமாக வைத்திருந்தார். விரித்தவுடன் இரண்டும் ஒன்றாகத் தெரிந்துவிடும். கேள்விக்கு முன்னால் ஒரு பக்கம் சேர்த்துக் கேள்வியை 19-க்கும் முகத்தை 20-க்கும் தள்ளச் சொன்னேன். அந்தக் கூடுதல் பக்கத்துக்குத்தான் கைக்குட்டை காட்சியை இப்போது வரைந்துகொண்டிருக்கிறார்.