பாதுகாப்புச் செலவு பற்றி வாதாடப் போகிறீர்களா?

எங்கள் கல்லூரிப் பட்டிமன்றப் பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வது, மேடையேறும் முன் பட்ஜெட்டைப் பிரித்துப் பாருங்கள் என்பதுதான். 2025-26இல் இந்தியப் பாதுகாப்புத் துறைக்கு ஒதுக்கியது 6.81 லட்சம் கோடி ரூபாய். அவ்வளவும் துப்பாக்கிக்கும் விமானத்துக்கும் என்று பேசினால் அங்கேயே கோட்டை விட்டீர்கள். ஓய்வூதியம் மட்டுமே 1.6 லட்சம் கோடி. புதிய விமானம், கப்பல், தளவாடம் போன்ற மூலதனச் செலவு 1.8 லட்சம் கோடி. மீதியில் பெரும்பங்கு சம்பளம், எரிபொருள், பராமரிப்பு. ஆகவே ‘குறைக்க வேண்டும்’ என்பவர் எதைக் குறைப்பது என்று சொல்லியாக வேண்டும். ஓய்வுபெற்ற சிப்பாயின் பென்ஷனில் கை வைப்பதா? எனக்கு அதில் உடன்பாடே இல்லை.

அப்புறம் சதவீதக் கணக்கு. இதே தொகை மத்திய பட்ஜெட்டில் 13 சதவீதத்துக்கு மேல். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2 சதவீதத்துக்கும் கீழ். ஒரு தரப்பு முதலாவதைத் தூக்கிப் பிடிக்கும், மறுதரப்பு இரண்டாவதை. நீங்கள் இரண்டையும் சொல்லுங்கள்.

பள்ளி, ஆஸ்பத்திரியோடு ஒப்பிட்டால் மாநில பட்ஜெட்டுகளையும் சேருங்கள். கல்வி, சுகாதாரச் செலவில் பெரும்பகுதி மாநிலங்கள் தலையில்தான். மத்திய அரசின் கணக்கை மட்டும் காட்டி ஒப்பிடுவது நியாயமில்லை.