மூளைக் கட்டி அறுவைச் சிகிச்சையில் எந்த டிரிப், எவ்வளவு, எப்போது?

மயக்கவியலில் இப்போதுதான் கால் வைப்பவர்களுக்கான விளக்கம் இது. உங்கள் பிரிவின் நெறிமுறையும் மூத்த மருத்துவரின் முடிவும் எப்போதும் இதற்கு மேல்.

முதலில் ஒரு அடிப்படை. உடம்பின் மற்ற இடங்களில் இரத்தக்குழாய்ச் சுவர் சோடியத்தைத் தடுக்காது. புரதம்தான் நீரைப் பிடித்து வைக்கிறது. மூளையில் சோடியமே எளிதில் கடக்காது. அதனால் அங்கே நீரை இழுப்பதும் தள்ளுவதும் ஆஸ்மோலாலிட்டி, அதாவது நீரில் கரைந்துள்ள துகள்களின் செறிவு. இந்தச் சுவரின் இருபுறமும் 1 மில்லிஆஸ்மோல் வேறுபட்டாலே சுமார் 19 மி.மீ. பாதரச அழுத்தம் உண்டாகும். இரத்தப் புரதம் முழுவதும் சேர்ந்து தருவதே 25 மி.மீ. அளவுதான். ஆகவே 'எத்தனை பாட்டில்' என்பதற்கு முன்னால் 'பாட்டிலில் எவ்வளவு சோடியம்' என்று கேளுங்கள்.

படி 1: ரிப்போர்ட்டைப் படியுங்கள்
சோடியம், பொட்டாசியம், சர்க்கரை, கிரியாட்டினின் ஆகிய நான்கும் கையில் இருக்கட்டும். நோயாளி வாந்தி எடுத்தாரா, வார்டில் ஏற்கெனவே மானிட்டால் (மூளையிலிருந்து நீரை இழுக்கும் மருந்து) போயிற்றா, டெக்ஸாமெத்தசோன் (வீக்கம் குறைக்கும் ஸ்டீராய்டு) ஓடுகிறதா என்று கேளுங்கள். மூன்றுக்கும் 'ஆம்' என்றால், வருபவர் உள்ளே வறண்டும் சர்க்கரை ஏறியும் இருக்க வாய்ப்பு அதிகம். மயக்க மருந்து கொடுத்ததும் இரத்த அழுத்தம் சரிவது இவர்களுக்குத்தான்.

படி 2: முதன்மைத் திரவம்
0.9% சலைனில் லிட்டருக்கு 154 மில்லிமோல் சோடியம். மூளைக்கு நல்லது. ஆனால் குளோரைடும் அதே 154. லிட்டர் கணக்கில் ஏற்றினால் இரத்தம் அமிலத்தன்மை அடையும். பிளாஸ்மாலைட் போன்ற சமநிலைத் திரவத்தில் சோடியம் 140, குளோரைடு 98. நீண்ட அறுவைக்கு இதுவே எங்கள் முதல் தேர்வு. ரிங்கர் லாக்டேட்டில் சோடியம் 130தான். ஒரு லிட்டர் ஏற்றினால் சுமார் 100 மி.லி. வெறும் தண்ணீர் ஊற்றியதற்குச் சமம். ஒன்றிரண்டு பாட்டில் போனால் குடி முழுகிவிடாது. அதையே முழு நேரமும் ஓட்டினால் மூளை வீங்கும்.

5% டெக்ஸ்ட்ரோஸ் வேண்டாம். சர்க்கரையை உடல் எரித்துவிடும், மிஞ்சுவது தண்ணீர். போதாததற்கு, உயர்ந்த சர்க்கரை இரத்த ஓட்டம் குறைந்த மூளைப் பகுதியை மேலும் கெடுக்கும். சர்க்கரை தாழ்ந்தவருக்கு மட்டும் விதிவிலக்கு. இலக்கு 140 முதல் 180 மி.கி.

படி 3: வேகம்
'மூளை சுருங்கட்டும், ஆளைக் காய வை' என்ற பழைய வழக்கத்தை விடுங்கள். இரத்த அழுத்தம் விழுந்தால் மூளைக்குப் போகும் இரத்தமும் குறையும். அடிப்படை ஓட்டம் மணிக்கு கிலோவுக்கு 1 முதல் 2 மி.லி.; 60 கிலோ ஆளுக்கு 60–120 மி.லி. இரத்த இழப்பைத் தனியாகக் கணக்கிட்டு ஈடு கட்டுங்கள். ஸ்டார்ச் திரவங்கள் இரத்தம் உறைவதையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும், தவிருங்கள்.

படி 4: மானிட்டால்
அதிகத் தவறுகள் நடப்பது இங்கே. அளவு கிலோவுக்கு 0.25 முதல் 1 கிராம். 60 கிலோவுக்கு 0.5 கிராம் வீதம் 30 கிராம், அதாவது 20% கரைசலில் 150 மி.லி. எலும்பைத் திறக்கும் முன்பே தொடங்கி 15–20 நிமிடத்தில் ஏற்றுங்கள். டியூரா (மூளையின் வெளியுறை) திறக்கும்போது மூளை தளர்ந்திருக்கும். ஒரேயடியாகத் தள்ளினால் அழுத்தம் சரியும்.

பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அடியில் ஊசி போல் படிகம் மின்னினால் வெந்நீரில் வைத்துக் கரைத்து, உடல் சூட்டுக்கு ஆறவிட்டு, வடிகட்டியுள்ள செட்டில் போடுங்கள். இரத்தம் ஏற்றும் அதே குழாயில் கலக்காதீர்கள், சிவப்பணுக்கள் திரண்டுவிடும்.

மானிட்டால் போனபின் சிறுநீர்ப் பை நிறைவதைப் பார்த்து 'நீர் போதும்' என்று முடிவு கட்ட வேண்டாம். அது மருந்தின் வேலை. தமனி அழுத்த அலையின் ஏற்ற இறக்கத்தைப் பாருங்கள். சோடியம் முதலில் இறங்கும், நீர் வெளியேற வெளியேற ஏறும். ஆஸ்மோலாலிட்டி 320ஐத் தாண்டினால் நிறுத்துங்கள். சிறுநீரகம் பழுதானாலோ இரத்த அழுத்தம் தாழ்ந்திருந்தாலோ 3% சலைன் பொருத்தம். அதில் சோடியம் 513. முடிந்தால் பெரிய சிரை வழியாக.

படி 5: சோடியத்தைப் பின்தொடருங்கள்
நெடுநாளாகவே 125ல் இருப்பவரை ஒரே அறுவையில் 140க்குக் கொண்டுபோய்விடக் கூடாது. 24 மணி நேரத்தில் 8 மில்லிமோலுக்கு மேல் உயர்ந்தால் மூளைத்தண்டின் நரம்புறை சிதையும் ஆபத்து உண்டு. சலைனும் மானிட்டாலும் சேர்ந்தே இந்த எல்லையைத் தாண்டவைக்கும்.

கட்டி பிட்யூட்டரி பக்கம் என்றால் அறுவைக்குப் பின்னும் கண் வையுங்கள். மானிட்டால் இல்லாமலே, தண்ணீர் நிறச் சிறுநீர் மணிக்கு கிலோவுக்கு 3 மி.லி.யைத் தாண்டி, சோடியம் 145க்கு மேல் போனால் டயபெட்டிஸ் இன்சிபிடஸ் (நீரைத் தக்கவைக்கும் ஹார்மோன் குறைந்து சிறுநீர் கொட்டும் நிலை) என்று சந்தேகித்து உடனே மூத்தவரை அழையுங்கள். அங்கே மேலும் சலைன் ஏற்றினால் சோடியம் இன்னும் ஏறும்.