களப்பு மீனைக் கடல்நீர்த் தொட்டிக்கு மாற்றும்போது விடும் பிழைகள்

திருகோணமலை இறக்கக்கண்டிக் களப்பில் பிடித்த மோனோவோ புள்ளி ஸ்கெற்றோ கடல்நீர்த் தொட்டிக்கு அருமையான மீன். ஆனால் வந்த மறுநாளே செத்து மிதந்தால், பெரும்பாலும் அவசரம்தான் காரணம்.

"வற்றுப்பெருக்கோடு கடலுக்கும் களப்புக்கும் போய்வரும் மீன்தானே, தாங்கும்" என்பார்கள். களப்பில் நன்னீர் மேலே நிற்கும், உப்புநீர் கீழே நிற்கும். மீன் தனக்குத் தோதான இடத்துக்கு விலகிப் போகும். தொட்டியில் எங்கே போவது? வெளியே உப்புக் கூடினால் மீனின் உடம்பிலிருந்து நீர் கசியும். அது கடல்நீரைக் குடித்து, மிஞ்சிய உப்பைச் செவுளால் வெளியே தள்ளவேண்டும். செவுள் அதற்குத் தயாராகச் சில நாட்கள் எடுக்கும். பையை மிதக்கவிட்டு ஒரு மணி நேரம் சொட்டு நீர் விடுவது இதற்குப் போதாது.

தனித் தொட்டியில், மீன் வந்த நீரின் உப்பளவிலேயே தொடங்குங்கள். நாலு நாளைக்கு ஒருமுறை நீர் மாற்றும்போது நீரின் அடர்த்தியை (உப்புக் கூடினால் இதுவும் கூடும்; நன்னீருக்கு 1.000) 0.002 மட்டும் கூட்டுங்கள். 1.008இலிருந்து 1.024க்கு வர ஒரு மாதம் பிடிக்கும். பிடிக்கட்டும். மீன் கழிவின் அமோனியாவை மாற்றிவிடும் ஃபில்டர் பக்டீரியாவுக்கும் அந்த அவகாசம் வேண்டும். அது சோர்ந்தால் அமோனியா ஏறிவிடும்.

உப்பை நேரே தொட்டியில் தூவவே வேண்டாம். கீழே விழும் உப்புக்கல்லை ஸ்கெற் தீனி என்று கொத்தப் பார்க்கும். வாளியில் கரைத்து, எயார் பம்ப் ஓடவிட்டு, மறுநாள் ஊற்றுங்கள். சமையல் உப்பும் சரிவராது, நிலாவெளிப் பக்கத்து உப்பளத்து உப்பும் சரிவராது. கடலில் இருந்து வந்தாலும் உப்புப் படியும்போது மக்னீசியம் பெரும்பாலும் மிஞ்சும் நீரோடு போய்விடும். மீன் தொட்டிக்கென்று விற்கும் கடலுப்பையே வாங்குங்கள்.

உப்புவெளியில் கடல்நீர் அள்ளுபவர்கள் மாரிக்காலத்தில் கவனம். மழையும் ஆற்றுவெள்ளமும் கலந்து கரையோரத்து நீரின் உப்பு இறங்கியிருக்கும். அள்ளியதை அளந்து பார்த்தே ஊற்றுங்கள். அப்புறம், தொட்டியில் ஆவியாகிக் குறைந்த நீருக்கு நன்னீர்தான் விடவேண்டும், உப்பு ஆவியாவதில்லை.

மோனோவின் வெள்ளி நிறம் கறுத்து, செவுள் வேகமாக அடித்தால், அன்றைக்கு உப்பைக் கூட்டாதீர்கள். அது மறுபடி தீனி எடுக்கும்வரை அதே அளவில் வைத்திருங்கள்.