தொழில் தொடங்கத் தயங்கும் பெண் பிள்ளைகளுக்கு வழிகாட்டுவது எப்படி?

சொந்தத் தொழில் செய்ய விருப்பமா என்று உயர்தரப் பரீட்சை எழுதி முடித்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஆண் பிள்ளைகள் பலர் உடனே ஓம் என்பார்கள். தையலும் பலகாரமும் கைவந்த பெண் பிள்ளைகளோ “எனக்குச் சரிவருமோ தெரியாது” என்று பின்வாங்குவார்கள். பியோனா வில்சன், ஜில் கிக்குல், டெபோரா மார்லினோ ஆகியோர் அமெரிக்க மாணவர்களிடையே நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வும் இத்தகைய நம்பிக்கை இடைவெளியைக் கண்டதுடன், முயற்சியாண்மைக் கல்வி பெண்களுக்கே கூடுதலாகக் கைகொடுத்ததையும் காட்டியது. எனவே கொழும்பில் ஆசிரியராகவோ பெற்றோராகவோ இருப்பவர் முறையாக வழிகாட்டினால் பலன் உண்டு.

‘உன்னால் முடியும்’ என்ற வாய்ச்சொல்லோடு நின்றுவிடாதீர்கள். ஒரு காரியத்தைத் தானே செய்து முடித்த அனுபவமே தன்னம்பிக்கைக்கு வலுவான ஊற்று என்று உளவியலாளர் அல்பர்ட் பந்துரா 1977இலேயே எடுத்துக்காட்டியிருக்கிறார். ஆகவே இரண்டு வாரத்துக்குள் செய்து, விற்று, கணக்கும் முடிக்கக்கூடிய சிறிய வேலை ஒன்றை முதலில் கொடுங்கள்.

அந்தக் கணக்கைப் பிள்ளையோடு உட்கார்ந்து பாருங்கள். பெண் பிள்ளைகள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். வெள்ளவத்தையில் ஒரு பிள்ளை 40 பைக்கற் பயற்றம் பணியாரம் செய்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். சாமானுக்கு 6,000 ரூபாய், எரிவாயுவுக்கு 800, பைகளுக்கு 400, முச்சக்கர வண்டிக்கு 800 என்று மொத்தம் 8,000 ரூபாய் செலவாகிறது. ஒரு பைக்கற் 200 ரூபாய் அடக்கம் என்று கணக்கிட்டு, 230 ரூபாய்க்கு விற்று, 1,200 ரூபாய் இலாபம் என்று மகிழ்கிறாள். அடுப்படியில் நின்ற ஆறு மணித்தியாலத்துக்கு மணிக்கு 300 ரூபாய் கூலி போட்டால் அடக்கவிலை 245 ரூபாய். அவள் விற்றது நட்டத்துக்கு. வீட்டில் பெண்ணின் சமையலுக்கு யாரும் கூலி கணக்கிடுவதில்லை என்பதால் அவளும் கணக்கிடவில்லை. தன் உழைப்புக்கு அவளே விலை எழுதும்படி செய்யுங்கள். இதைவிட முக்கியமான பாடம் வேறில்லை என்றே நான் கருதுகிறேன்.

ஆணும் பெண்ணும் சேர்ந்த குழுவாக இருந்தால், காசுப் பெட்டியும் பேரம் பேசுதலும் ஆண்களிடமும், அலங்காரமும் குறிப்பெழுதுதலும் பெண்களிடமும் தாமாகவே போய்ச் சேர்ந்துவிடும். எந்த வேலையைச் செய்கிறோமோ அதில்தான் நம்பிக்கை வளரும் என்பதால், பொறுப்புகளை வாரந்தோறும் மாற்றுங்கள். கெய்சர் வீதியில் மொத்தத் துணி வாங்கப் போகும்போது விலையை அவளே கேட்கட்டும். சிங்களத்தில் பேசக் கூச்சப்பட்டால், கேட்க வேண்டிய நான்கைந்து வசனங்களை முதல்நாள் வீட்டிலேயே சொல்லிப் பழக்குங்கள். நெஞ்சு படபடப்பது தகுதியின்மைக்கு அடையாளமல்ல என்பதையும் எடுத்துச் சொல்லுங்கள்.

முன்மாதிரியாகப் பெரும் கோடீஸ்வரரைக் காட்டுவதைவிட, கொட்டாஞ்சேனையில் சிறிய தையற்கடை நடத்தும் அக்கா ஒருவரிடம் அழைத்துச் செல்வது நல்லது. முதல் வருடம் எப்படிப் போனது, வீட்டில் என்ன சொன்னார்கள், கடன் கேட்டவர்களை எப்படிச் சமாளித்தார் என்று பிள்ளையே கேட்கட்டும்.

எல்லாத் தயக்கத்தையும் தன்னம்பிக்கைக் குறைவு என்று எண்ணிவிடக் கூடாது. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் அசையாச் சொத்தை ஈடு வைக்கக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்று 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள் சட்டம் விதித்தது; காணியை வைத்துக் கடன் பெற நினைப்பவர் முதலில் சட்டத்தரணி ஒருவரிடம் விசாரிக்க வேண்டும். இருட்டிய பிறகு பொருள் கொண்டுபோய்க் கொடுக்க அஞ்சுவதும் நியாயமே. அதற்கேற்றபடி விநியோக நேரத்தை மாற்றுங்கள்.

விற்பனை தொடர்ந்தால், அவளுடைய பெயரிலேயே வங்கிக் கணக்கு திறக்கச் செய்யுங்கள். கடைக்குத் தனிப் பெயர் வைப்பதானால் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர்ப் பதிவு தேவை. வெள்ளவத்தையில் இருப்பவர் திம்பிரிகஸ்யாயவுக்கும், கொட்டாஞ்சேனையில் இருப்பவர் கொழும்புப் பிரதேச செயலகத்துக்கும் போக வேண்டும். தேவையான பத்திரங்களைக் கிராம உத்தியோகத்தரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கூடப் போனாலும் விண்ணப்பத்தை அவளே நிரப்பி, அவளே கொடுக்கட்டும்.