புதிய டிரம்பெட்டின் வால்வுகளைப் பழக்குவதும் பேணுவதும்

புதிதாக வாங்கிய டிரம்பெட்டின் வால்வுகள் தொடக்கத்தில் சற்று இறுக்கமாக இயங்குவதும், விரைவான பகுதிகளை வாசிக்கும்போது எப்போதாவது மேலெழத் தயங்குவதும் பெரும்பாலும் குறைபாடு அல்ல. வால்வின் உள்ளே இயங்கும் உருளையான பிஸ்டனுக்கும் அது ஏறி இறங்கும் உறைக்கும் இடையே தலைமுடியின் தடிமனைவிடக் குறைந்த இடைவெளியே இருக்கிறது. இவ்விரண்டையும் பொருத்தமாக்குவதற்குத் தொழிற்சாலையில் நுண்ணிய தேய்ப்புப் பசையைப் பயன்படுத்துவது வழக்கம். நன்றாகக் கழுவிய பின்னும் அதன் துகள்கள் குழாய்களுக்குள் சிறிது எஞ்சியிருந்து, வாசிக்கும்போது மூச்சின் ஈரத்தோடு வால்வுகளை வந்தடையக்கூடும். ஆகவே முதல் சில வாரங்களில் எண்ணெய் இடுவதைப் போலவே அழுக்கை அகற்றுவதும் முக்கியம் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

வாசிக்கத் தொடங்கும் முன் நாள்தோறும் எண்ணெய் இடுங்கள். மேல்மூடியின் மரையைத் தளர்த்தி, பிஸ்டனை நேராகப் பாதியளவு வெளியே எடுத்து, அதன் பளபளப்பான பகுதியில் மூன்று நான்கு சொட்டுகள் விட்டால் போதும். உள்ளே இறக்கும்போது, பிஸ்டனிலுள்ள வழிகாட்டித் துண்டு உறையிலுள்ள பள்ளத்தில் 'கிளிக்' என்று அமரும்வரை மெதுவாகத் திருப்ப வேண்டும். மூன்று பிஸ்டன்களிலும் 1, 2, 3 என எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். ஒன்றை மற்றொன்றின் உறையில் இட்டாலோ, தவறான கோணத்தில் அமர்த்தினாலோ துளைகள் குழாய்களோடு நேர்ப்படாமல் காற்று தடைபடும். கீழ்மூடியின் துளை வழியாக எண்ணெய் விடுவதைத் தவிர்ப்பது நல்லது, ஏனெனில் அடியில் சேர்ந்திருக்கும் அழுக்கை அது பிஸ்டனுக்கே கொண்டு செல்லும்.

வாரம் ஒரு முறையேனும் பிஸ்டன்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, நூல் உதிராத மென்துணியால் பழைய எண்ணெயைத் துடைத்துவிடுங்கள். அதே துணியை, உலோக முனை எங்கும் வெளித்தெரியாதபடி துப்புரவுக் கம்பியில் சுற்றி, உறையின் உட்புறத்தையும் துடைக்க வேண்டும். துணியில் கருமை படிவதைக் கண்டு அஞ்ச வேண்டாம். அது நாளடைவில் குறையும். புதிய, இறுக்கமான வால்வுகளுக்கு மெல்லிய எண்ணெயே ஏற்றது. செயற்கை எண்ணெய்க்கும் பெட்ரோலிய எண்ணெய்க்கும் இடையே மாற விரும்பினால், முதலில் பழையதை முழுவதும் கழுவி அகற்றுங்கள். ஸ்லைடுகளுக்கு, அதாவது இழுத்து நகர்த்தக்கூடிய குழாய்களுக்கு, இடும் கிரீஸ் வால்வுகளுக்குள் கசிந்தால் அவை மந்தமாகிவிடும்.

மாதம் ஒரு முறை கருவியை வெதுவெதுப்பான நீரிலும் மென்மையான சோப்பிலும் கழுவலாம்; சுடுநீர் மேற்பூச்சைக் கெடுக்கும். பிஸ்டன்களின் மேலுள்ள கம்பளி வளையங்கள் நனையாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

விரல்களின் பழக்கமும் வால்வின் ஆயுளைப் பாதிக்கிறது. விரல் நுனியின் சதைப்பகுதியால் நேர்கீழாக அழுத்தினால் பிஸ்டன் சீராகத் தேயும். விரலை நீட்டிச் சாய்வாக இழுத்து அழுத்துபவரிடம் அது ஒருபக்கமாகத் தேய்ந்து, பின்னர் எந்த எண்ணெயாலும் சரியாகாது. சாப்பிட்ட பின், குறிப்பாக இனிப்பான எதையும் உண்ட பின், வாயைக் கொப்பளித்துவிட்டு ஊதுவதும் இதே அளவுக்கு முக்கியமானது.

இவ்வளவும் செய்த பின்னும் ஒரு வால்வு அதே இடத்தில் தொடர்ந்து சிக்கினால், மெருகுப் பசையாலோ உப்புத்தாளாலோ நீங்களே அதைத் தேய்க்க முற்படாதீர்கள். அகன்றுவிட்ட இடைவெளியைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது மிகவும் கடினம். கீழ்மூடியைச் சற்றுத் தளர்த்திப் பாருங்கள். சிக்கல் நீங்கினால் மூடியை அளவுக்கு மீறி முறுக்கியதே காரணமாக இருக்கலாம். நீங்காவிட்டால், குறிப்பாக இரண்டாம் வால்வில், அதன் ஸ்லைடு எங்கேனும் இடிபட்டு உறை நெளிந்திருக்க வாய்ப்பு உண்டு. அதைப் பழுதுபார்க்கும் வல்லுநரிடம் காட்டுவதே சரி.