கடைசி ரூமுக்கும் வைஃபை: ஃப்ளாட்டுக்கு அக்சஸ் பாயிண்ட் வாங்கும் முன்

சென்னை நங்கநல்லூரில் வயலின் சொல்லிக் கொடுக்கிறேன். காலை ஐந்தரைக்கு நியூ ஜெர்சிப் பிள்ளைகளுக்கு ஆன்லைன் வகுப்பு. அங்கே அப்போது முந்தின நாள் ராத்திரி எட்டு மணி. ஹாலில் மாமியார் தூங்குவார் என்பதால் கடைசி ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவேன். ஃபைபர் கனெக்‌ஷன் 100 எம்பிபிஎஸ். ஹாலில் சோதித்தால் குறையில்லாமல் காட்டும். ஆனால் கடைசி ரூமில் நான் தோடி ராகத்தின் காந்தார ஸ்வரத்தை அசைத்து வாசித்தால் அந்தப் பக்கம் அது இரண்டு துண்டாகப் போய்ச் சேரும். "ஆன்ட்டி, மறுபடியும் கட் ஆயிடுச்சு" என்பாள் பத்து வயதுப் பெண். கமகத்தை, அதாவது அந்த அசைவை, இப்படித் துண்டு துண்டாகக் கேட்டு எந்தக் குழந்தையும் கற்றுக்கொள்ள முடியாது. அதனால்தான் இந்த விஷயத்தில் உட்கார்ந்து படித்தேன். கடைசியில் வாங்கியது அக்சஸ் பாயிண்ட்: ரவுட்டரிலிருந்து கேபிளில் நெட்டை வாங்கி, தான் இருக்கும் இடத்தில் வைஃபையாகக் கொடுக்கும் பெட்டி.

முதலில் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். பிளக்கில் செருகும் ரிப்பீட்டர் ஒன்றை வாங்கி, சிக்னல் வராத அந்த ரூமிலேயே மாட்டினேன். போனில் கோடுகள் முழுசாக வந்தன, பாட்டு மட்டும் அதே மாதிரி அறுந்தது. ரிப்பீட்டர் காதில் விழுந்ததைத் திருப்பிச் சொல்லும் சாதனம். காதில் விழுவதே அரைகுறை என்றால் அதையேதான் பலமாகச் சொல்லும். போதாததற்கு, சாதாரண ரிப்பீட்டர் ஒரே சானலில் கேட்கவும் வேண்டும், பேசவும் வேண்டும். வேகத்தில் ஏறக்குறைய பாதி அதிலேயே போய்விடும்.

எனவே எதையும் வாங்குவதற்கு முன் வீட்டை அளந்து பாருங்கள். போனில் வைஃபை அனலைசர் ஆப் ஒன்று போட்டால் சிக்னலை மைனஸ் எண்ணில், டிபிஎம் கணக்கில் காட்டும். பூஜ்யத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. மைனஸ் 67 வரை வீடியோ காலுக்குத் தாங்கும். மைனஸ் 75ஐத் தாண்டினால் பேச்சு அறுபடத் தொடங்கும். நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில், வழக்கம்போல் கதவைச் சாத்திக்கொண்டு பாருங்கள். எங்கள் வீட்டில் ஹாலில் மைனஸ் 48, நடையில் மைனஸ் 63, என் நாற்காலியில் மைனஸ் 81. நடுவில் இருப்பது ஒரு ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், தரையிலிருந்து மேல்வரை டைல்ஸ் ஒட்டிய பாத்ரூம், அப்புறம் என் கல்யாணத்துக்கு வாங்கிய இரும்பு பீரோ. பீரோவை எதிர்ச் சுவருக்கு நகர்த்தினதிலேயே சிக்னல் நாலைந்து எண் தேறியது. காசு செலவில்லாத வேலை, முதலில் அதைச் செய்து பாருங்கள்.

ஓஎம்ஆர் பக்கம் புதிதாகக் கட்டும் அடுக்குமாடிகளில் பலவற்றில் உள்சுவர்கூட செங்கல் இல்லை. மைவான் என்கிறார்களே, அந்த முறையில் கம்பி கட்டி கான்கிரீட்டாகவே வார்த்துவிடுகிறார்கள். அந்தச் சுவர் செங்கல்லைவிட அதிகமாகச் சிக்னலைத் தின்னும். அங்கே சதுர அடிக் கணக்கை நம்பாதீர்கள், சுவர்க் கணக்கைப் பாருங்கள்.

அட்டைப் பெட்டியில் "லாங் ரேஞ்ச்" என்று எழுதியிருப்பதை நம்பி ஒரே பெரிய பெட்டியை ஹாலில் வைத்தால் போதாதா என்று நானும் நினைத்தேன். போதாது. வைஃபை இரண்டு பேர் பேசிக்கொள்வது மாதிரி. பெட்டி எவ்வளவு சத்தமாகக் கத்தினாலும் என் லேப்டாப்பின் குரல் சின்னது, அது சுவர் தாண்டிப் போய்ச் சேர வேண்டும். படம் பார்ப்பவருக்கு வருவதுதான் முக்கியம், ஓரளவு சமாளித்துவிடலாம். சொல்லிக் கொடுப்பவருக்கும், மீட்டிங்கில் பேசுபவருக்கும் போவதுதான் முக்கியம். அதனால் பலமான பெட்டியைத் தேடாதீர்கள். சாதாரணப் பெட்டி போதும், பக்கத்தில் இருக்க வேண்டும். பக்கத்தில் இருக்க வேண்டும் என்றால் அங்கே ஒயர் போக வேண்டும்.

தொண்ணூறுகளில் கட்டிய ஃப்ளாட்களில் இருப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. லேண்ட்லைன் போனுக்காக ஹாலிலிருந்து பெட்ரூமுக்கு அப்போதே சுவருக்குள் பைப் போட்டிருப்பார்கள். எங்கள் எலெக்ட்ரீஷியன் தம்பி பழைய போன் பாயிண்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "அக்கா, போன் ஒயர் இன்னும் உள்ளேயே இருக்கு, அதுலயே கட்டி இழுத்துடலாம்" என்றான். பழைய ஒயரின் முனையில் கேட் 6 என்ற நெட்வொர்க் கேபிளை வைத்து இன்சுலேஷன் டேப்பை ஊசி மாதிரி கூராகச் சுற்றி, சோப்புத் தண்ணீர் தடவினான். அவன் கடைசி ரூமில் இழுக்க, நான் ஹாலில் சிக்கில்லாமல் விட்டுக்கொண்டே இருந்தேன். ஒரு வளைவில் நின்றுவிட்டது. வெளியே எடுத்து, டேப்பை இன்னும் மெல்லிசாகச் சுற்றி மறுபடி விட்டோம், வந்துவிட்டது. கனெக்டரைக் கேபிள் வெளியே வந்த பிறகுதான் கிரிம்ப் செய்ய வேண்டும், தலையோடு பைப்புக்குள் போகாது. கரண்ட் ஒயர் போகும் பைப்பில் மட்டும் இதை விடாதீர்கள்.

கேபிளை ரிச்சி தெருவில் வாங்கினேன். முதல் கடையில் கொடுத்தது விலை குறைவு, கையில் எடுத்தால் லேசாகவும் இருந்தது. உள்ளே இருக்கும் கம்பியைப் பிளேடால் சுரண்டிப் பார்த்தேன். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. அலுமினியத்துக்குச் செம்பு முலாம். கேபிள் வழியாகவே அக்சஸ் பாயிண்டுக்குக் கரண்டும் அனுப்பப் போகிறோம் என்பதால் முழுச் செம்பாக இருப்பது அவசியம். சுரண்டிப் பார்க்க வெட்கப்படாதீர்கள்.

வாடகை வீடு என்றால் ஸ்கர்ட்டிங் டைல்ஸ் ஓரமாகக் கிளிப் அடித்து, கதவடியில் தட்டைக் கேபிள் விடலாம். அதுவும் முடியாது என்றால், ஒயர் இல்லாமல் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பெட்டிகளான மெஷ் செட். அதில் இரண்டாவது பெட்டியை சிக்னல் இல்லாத ரூமில் வைக்காமல், இன்னும் நன்றாக வரும் நடையில் வையுங்கள்.

சரி, இப்போது பெட்டிக்கு வருவோம். வைஃபை 6, ஏஎக்ஸ்1800 வகை ஒரு ஃப்ளாட்டுக்குத் தாராளம். அந்த 1800 என்பது வைஃபையின் இரண்டு அலைவரிசைகளான 2.4 கிகாஹெர்ட்ஸில் 574 எம்பிபிஎஸ், 5 கிகாஹெர்ட்ஸில் 1201 என இரண்டையும் கூட்டி மேலே முழுமையாக்கிய எண். எந்தப் போனுக்கும் அது அப்படியே கிடைக்காது. பெரும்பாலான போன்களில் இரண்டு ஆண்டெனாதான், அதனால் நாலு ஆண்டெனா மாடலுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசு வீட்டில் அவ்வளவாகப் பலன் தராது. கேபிள் செருகும் போர்ட் கிகாபிட்டா என்று பாருங்கள். விலை குறைந்த சிலவற்றில் 100 எம்பிபிஎஸ் போர்ட்தான் இருக்கும், நாளைக்கு பிளானை உயர்த்தினால் அங்கேயே முட்டும். கேபிளில் கரண்ட் அனுப்பும் பிஓஇ வசதி 802.3 ஏஎஃப் தரத்தில் இருக்கட்டும். பேசிவ் 24 வோல்ட் என்று ஒரு வகை உண்டு, இரண்டையும் மாற்றிச் செருகக் கூடாது. கேபிளுக்குள் கரண்டை ஏற்றும் பிஓஇ இன்ஜெக்டர் பெட்டியோடு வருகிறதா, தனியாக வாங்க வேண்டுமா என்றும் கேளுங்கள்.

பெட்டிகளை நிர்வகிக்கும் கண்ட்ரோலர் இல்லாமல் தனியாக இயங்குமா என்பதும் முக்கியம். டிபி-லிங்க் ஓமாடா வகையை பிரவுசரிலேயே செட் செய்யலாம். யூபிக்விட்டி யூனிஃபையில் போன் ஆப் வழியாக அடிப்படை வேலைகள் நடக்கும், முழு வசதிக்குக் கண்ட்ரோலர் வேண்டும். ஒரு மாணவியின் அப்பா அமெரிக்காவிலிருந்து ஒன்று கொண்டுவருவதாக அன்போடு சொன்னார், வேண்டாம் என்றேன். அங்கே விற்கும் சில மாடல்கள் அந்த நாட்டுச் சானல்களுக்கே பூட்டப்பட்டவை. இங்கே வாங்கினால் ரிப்பேர் என்றால் கொண்டுபோய்க் கொடுக்கவும் கடை இருக்கும்.

மாட்டும் இடம் ரூமின் கதவுக்கு மேலே, அல்லது சீலிங். பரணில் எவர்சில்வர் அண்டாக்களுக்குப் பின்னால் மறைத்து வைத்தால் சிக்னலும் வராது, மே மாத வெயிலில் பெட்டியும் வெந்துவிடும்.

செட்டிங்கில் கவனிக்க வேண்டியது கொஞ்சம்தான். ஃபைபர்காரர் கொடுத்த பெட்டியே ரவுட்டராக இருக்கட்டும். அக்சஸ் பாயிண்டுக்குப் பதிலாகப் பழைய ரவுட்டரைப் பயன்படுத்தினால் அதை ஏபி (அக்சஸ் பாயிண்ட்) மோடுக்கு மாற்றுங்கள். இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. எங்கள் பில்டிங்கில் பன்னிரண்டு வீடு, அனலைசரில் 23 வைஃபை தெரிகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சானல்கள் 1, 6, 11 மட்டும்தான். கூட்டம் குறைந்ததை எடுத்து, அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள். 5 கிகாஹெர்ட்ஸில் 2018இல் இந்தியாவில் நிறைய அலைவரிசையை லைசென்ஸ் இல்லாமல் திறந்துவிட்டார்கள், இடம் இருக்கிறது. ஹால் பெட்டிக்கு 36, ரூம் பெட்டிக்கு 149 என்று தள்ளி வைத்தேன். பெட்டிகள் சிக்னல் அனுப்பும் பலத்தை நடுத்தரத்துக்குக் குறையுங்கள். இல்லாவிட்டால் போன் ஹால் பெட்டியின் மெல்லிய சிக்னலையே பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும்.

கடைசியாகக் கரண்ட். இன்வர்ட்டர் மாறும் அந்த நொடியில் ஃபைபர் பெட்டி அணைந்துவிட்டால் மறுபடி எழுந்து வர இரண்டு மூன்று நிமிடம் ஆகிறது. 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஃபைபர் பெட்டிக்கு ஆகும், இன்ஜெக்டருக்கு ஆகாது. அதனால் கம்ப்யூட்டருக்கு வைக்கும் சின்ன யூபிஎஸ் ஒன்றை ஹாலில் வைத்து இரண்டையும் அதிலேயே செருகினேன். ரூமில் இருக்கும் பெட்டிக்குக் கரண்ட் கேபிளிலேயே வருவதால் அங்கே தனியாக எதுவும் தேவைப்படவில்லை. இப்போது என் நாற்காலியில் மைனஸ் 44. தோடி முழுசாகப் போகிறது.